மைக்ரோஸ்கோப்ல நேர்ல பாத்து மறக்க முடியாத செல் எது? அனுபவத்த சொல்லுங்க

லேப் அக்கா:
11 வருஷமா பிளட் லேப்ல இருக்கேன். ஒரு டெங்கு சீசன்ல ஒரு அம்மா ஆபரேஷனுக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்க வந்தாங்க, காய்ச்சல் கூட இல்ல, மெஷின்ல போட்டா பிளேட்லெட் வெறும் 38,000. அவங்க மகன் ரிப்போர்ட்ட பாத்துட்டு கை நடுங்க "மேடம் ரத்தம் ஏத்தணுமா"ன்னு நிக்கறார். உடம்புல ஒரு செவப்பு புள்ளி இல்ல, ஈறுல ரத்தம் இல்ல, எனக்கு மனசு ஒத்துக்கல. ஒரு சொட்டு ரத்தத்த கண்ணாடில மெல்லிசா ஸ்மியர் இழுத்து, லீஷ்மன் ஸ்டெயின்ங்கற சாயம் போட்டு ஆயில் லென்ஸ்ல ஸ்மியரோட வால் பக்கம் போய் பாக்கறேன், பிளேட்லெட் அத்தனையும் கொத்து கொத்தா ஈ மொச்ச மாதிரி ஒட்டிட்டு கெடக்கு! கொத்தா இருந்தா மெஷினுக்கு அது பிளேட்லெட்டாவே தெரியாது. ஊதா மூடி டியூப்ல ரத்தம் உறையாம இருக்க போட்டிருக்கற இடிடிஏங்கற மருந்து சிலர் ரத்தத்த இப்படி பண்ணும். நீல மூடி சிட்ரேட் டியூப்ல திரும்ப எடுத்து, அதுல இருக்கற திரவம் ரத்தத்த கொஞ்சம் நீர்க்க வெக்கறதால வந்த எண்ண 1.1ஆல பெருக்கினா ரெண்டு லட்சத்துக்கு மேல. அந்த பையன் அப்படியே பெஞ்ச்ல உக்காந்துட்டான்.

பிளேட்லெட் முழு செல்லே இல்லைங்க, எலும்பு மஜ்ஜைல மெகாகேரியோசைட்னு ஒரு ராட்சச செல் இருக்கு, அதுலருந்து பிஞ்சு வர்ற துண்டு. காயம் பட்ட எடத்துல ஓடிப்போய் ஒட்டறதுக்குன்னே பொறந்தது, டியூப்ல அடைச்சாலும் அந்த வேலைய விடல.

பயாலஜி டீச்சர்:
நான் ஒரு ஜூலைல கறிக்கடைலருந்து கொஞ்சம் கோழி ரத்தம் வாங்கிட்டு போய் பிள்ளைங்களுக்கு காட்டினேன், பக்கத்துலயே மனுஷ ரத்த ஸ்லைடு. கோழியோட செவப்பு செல் முட்டை மாதிரி, நடுவுல நியூக்ளியஸ் பளிச்சுனு இருக்கும். நம்மளுது வட்டம், நடுவுல வெளுப்பு. "ஓட்டையா டீச்சர்"னு ஒருத்தன் கேட்டான். ஓட்டை இல்லப்பா, ரெண்டு பக்கமும் குழி, நியூக்ளியஸ வெளிய தள்ளிட்டு அந்த எடத்தையும் ஹீமோகுளோபினுக்கு குடுத்துருச்சு, அதனால தன்ன சரி பண்ணிக்க வழியில்லாம 120 நாள் போல ஓடி முடிஞ்சிரும்னேன். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிட்டு "அப்ப பொங்கலுக்கு என் உடம்புல ஓடினது ஒண்ணு கூட இப்ப இல்லையா"ன்னு கேட்டான் பாருங்க, எனக்கு மேல பாடமே ஓடல.

பாட்டனி செகண்ட் இயர்:
எனக்கு ரியோங்கற அழகுச்செடியோட இலைதான். அடிப்பக்கத் தோல உரிச்சு வெச்சா சுத்தி எல்லாம் ஊதா, நடுவுல இலைத்துளைய தெறந்து மூடற காப்பு செல் ரெண்டு மட்டும் பச்சையா, அவரை விதை மாதிரி வளைஞ்சு எதிரெதிரா உக்காந்திருக்கும். உப்புத்தண்ணி ஒரு சொட்டு ஓரத்துல விட்டு கண்ண எடுக்காம பாத்துட்டே இருந்தேன், அந்த துளையோட வாய் மெல்ல மெல்ல மூடிச்சு.