பாஷ்ஆர்சியில் வைத்த ஜாவா_ஹோம் சர்வீஸுக்குக் கிடைக்கவில்லை

கேள்வி:
உபுண்டு 22.04. ஜாவா எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று சொல்லும் ஜாவா_ஹோம் வேரியபிளை என்னுடைய பாஷ்ஆர்சியில் (டெர்மினல் ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பு) எக்ஸ்போர்ட் செய்திருக்கிறேன். டெர்மினலில் எக்கோ போட்டால் சரியாக வருகிறது. ஆனால் பூட் ஆனதும் தானாக ஓடும் பேக்கப் சர்வீஸின் லாகில், ஜாவா_ஹோம் இல்லை என்றே விழுகிறது. வேறு யூசராக நுழைந்து பார்த்தாலும் இல்லை. எல்லாருக்கும் நிரந்தரமாக இருக்க எங்கே எழுத வேண்டும்?

பதில் 1:
/ஈடிசி/என்விரான்மென்ட் கோப்பை சுடோவோடு திறந்து, கடைசியில் ஜாவா_ஹோமுக்கு ஒரு வரி சேருங்கள். லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

பதில் 2:
இடம் சரிதான். ஆனால் அந்தக் கோப்பு ஷெல் ஸ்கிரிப்ட் இல்லை. லாகின் நேரத்தில் பாம் (லாகினைக் கையாளும் லினக்ஸ் பகுதி) அதை வரி வரியாகப் படிக்கும், அவ்வளவுதான். பெயர், சமக்குறி, மதிப்பு என்று எழுதினால் போதும். டாலர் குறி போட்ட வேரியபிள் எதுவும் அங்கே விரியாது, அதாவது அதன் மதிப்பாக மாறாது.

இது தெரியாமல் நான் ஒருமுறை பாத் (கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்ற பட்டியல்) வரியில் பழைய பாத்தை டாலரோடு போட்டு, பின்னால் என் கோப்புறையைச் சேர்த்தேன். மறுபடி லாகின் செய்தால் டெஸ்க்டாப் வரவில்லை, லாகின் திரைக்கே திரும்பியது. கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி கன்சோலுக்குப் போனால், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூட ஓடவில்லை. /யூஎஸ்ஆர்/பின்/சுடோ, /யூஎஸ்ஆர்/பின்/நானோ என்று முழுப் பாதையும் அடித்துத்தான் கோப்பைத் திருத்தினேன். அதனால் தயவுசெய்து பாத்தை அங்கே தொடாதீர்கள். அதற்கு /ஈடிசி/புரொஃபைல்.டி கோப்புறையில் .எஸ்எச் என்று முடியும் ஒரு கோப்பு வையுங்கள். லாகின் ஷெல் அதைப் படிக்கும், டாலரும் எக்ஸ்போர்ட்டும் அங்கே வேலை செய்யும்.

உங்கள் சர்வீஸ் கதை வேறு. அதை ஸ்டார்ட் செய்வது, பூட் ஆகும்போது சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி. யாரும் லாகின் செய்யாமலே ஓடுவதால் மேலே சொன்ன இரண்டையும் அது பார்க்காது. சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று அடித்து சர்வீஸ் பெயரைக் கொடுங்கள். திறக்கும் கோப்பில் [சர்வீஸ்] என்ற தலைப்பின் கீழ் என்விரான்மென்ட்ஃபைல்=/ஈடிசி/என்விரான்மென்ட் என்று எழுதி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே மதிப்பை இரண்டு இடத்தில் பராமரிக்கும் தொல்லை இருக்காது.

கேட்டவர்:
ஜாவா_ஹோம் வரியை என்விரான்மென்ட் கோப்பில் போட்டேன், இன்னொரு யூசருக்கும் வந்துவிட்டது. ஆனால் சர்வீஸில் இன்னும் பழைய பிழைதான். எடிட் செய்த பிறகு ரீஸ்டார்ட் கொடுக்கவில்லை, அதுதான் காரணமா?

பதில் 2:
ஆமாம். ஒரு ப்ராசஸ் தொடங்கும்போது கையில் கிடைத்த நகலோடுதான் கடைசிவரை ஓடும். ரீஸ்டார்ட் செய்த பிறகு, /ப்ராக் கோப்புறைக்குள் அந்த ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே என்விரான் என்ற கோப்பை ரூட்டாகப் பாருங்கள்.

கேட்டவர்:
ரீஸ்டார்ட் செய்தேன். என்விரானில் ஜாவா_ஹோம் இருக்கிறது, பேக்கப்பும் ஓடி முடிந்தது. பாஷ்ஆர்சியில் இருந்த பழைய வரியை எடுத்துவிட்டேன். மிக்க நன்றி.