புதுப்பிப்பு: நிலத்துக்கும் தண்ணீருக்கும் ஒரே மெட்டல் டிடெக்டர்

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் கழனியிலோ கிணற்றிலோ தொலைந்த அம்மாவின் வெள்ளிக் கொலுசைத் தேட எந்த டிடெக்டர் வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் வாங்கிவிட்டேன். அடியில் இருக்கும் வட்டமான தேடும் பகுதி (காயில்) மட்டுமல்ல, முழுக் கருவியும் 3 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும். சிலர் சொன்ன, மின் துடிப்புகளை அனுப்பி உலோகத்தைத் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை கடல் தண்ணீருக்கு நல்லது, ஆனால் இரும்பைச் சரியாகப் பிரித்துக் காட்டாது. எங்கள் கழனியில் லாடமும் ஆணியும்தான் அதிகம்.

நேற்று கிணற்றின் மூன்றாம் படியில், பாசிக்கு அடியில், கணீரென்று சத்தம். கொலுசு! திருகாணிகூடக் கழலவில்லை. அம்மா அழுதுவிட்டார்கள்.

அப்புறம், வேலூர்க் கோட்டை அகழியில் தேடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம் அண்ணா, அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.