வாரத்துக்கு விட்ட வயலுக்கு வந்த பயிர் நிவாரணம்: யாருக்கு, எதற்கு?

கேள்வி | கண்டனூர்ப் பக்கத்து வயல்

அப்பச்சி பேரில் 2 ஏக்கர் 47 சென்ட் கண்மாய்ப் பாசன நஞ்சை இருக்கிறது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம், வயலை ஊரில் ஒருவர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, பார்க்கிறார். அறுப்பு நேரத்து மழையில் நெல் சாய்ந்து முளைத்துவிட்டது. இப்போது எதிர்பாராமல் அப்பச்சியின் வங்கிக் கணக்குக்கு 17,000 ரூபாய் நிவாரணம் வந்திருக்கிறது. வீட்டில் மூன்று விதமாகப் பேச்சு ஓடுகிறது. ஊர் வீட்டு ஓடு மாற்ற வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள், வாரம் போல் ஆளுக்குப் பாதி என்கிறார்கள், முழுவதும் அவருக்கே கொடுக்கலாம் என்றும் ஒரு பேச்சு. உழவும் விதையும் ஆள்கூலியும் அவர் செலவு, உரத்துக்கு மட்டும் நாங்கள் 10,000 கொடுத்தோம். அவருக்கு நகைக்கடன் வேறு இருக்கிறது. எது முறை? அவர் கைக்குப் போனால் எதற்குச் செலவழித்தால் பலன்?

பதில் 1 | திருப்பத்தூர், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை

தொகையைப் பார்த்தாலே கணக்குத் தெரிகிறது. 2022-26 காலத்துப் பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500. உங்கள் 2 ஏக்கர் 47 சென்ட் ஒரு ஹெக்டேர். இதற்குப் பெயரே இடுபொருள் மானியம். விளைச்சலுக்கு ஈடாகத் தருவதில்லை, மண்ணில் போட்ட முதல் போனதற்காகத் தருவது. அதனால் வாரக் கணக்கை இதற்குப் பொருத்தக் கூடாது, ஓட்டுச் செலவுக்கும் இதில் கைவைக்கக் கூடாது. பட்டாதாரர் பேரில் அடங்கல் (கிராமத்துச் சாகுபடிப் பதிவேடு) இருந்ததால் பணம் அப்பச்சி கணக்குக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மழைக்கு முன் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதுங்கள். அறுப்புக் கூலியைச் சேர்க்காதீர்கள், அந்தச் செலவே நடக்கவில்லை. மொத்தம் 50,000 என்று வந்தால் உங்கள் 10,000 ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3,400. மீதி 13,600 அவருடையது. பழைய வார பாக்கி இருந்தால் அதை இதில் கழிக்காதீர்கள், அது தனிக் கணக்கு. வங்கி வழியே அனுப்பி, குறிப்பில் ‘பயிர் நிவாரணம்’ என்று போடுங்கள்.

கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகளிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ஒருவர் கணக்குக்கு மொத்தமும் வந்து மற்றவர்களுக்குத் தெரியாமல் போவதுதான் பின்னால் பெரிய மனக்கசப்பாகிறது.

பதில் 2 | சாக்கோட்டை விவசாயி

ஐயா சொன்ன முறை சரி, ஆனால் ஒன்று விடுபட்டுவிட்டது. வாரத்துக்குப் பார்க்கிறவர் வீட்டு ஆட்களின் உழைப்பு. களை எடுத்தது, வரப்பு வெட்டியது, மடை பார்த்தது எல்லாம் கூலி கொடுக்காத வேலை என்பதால் செலவுப் பட்டியலில் ஏறுவதே இல்லை. ஊர்க் கூலியில் போட்டுச் சேருங்கள். அது 18,000 என்று வைத்தால் மொத்தம் 68,000 ஆகும், உங்கள் பங்கு 2,500தான். என்னைக் கேட்டால் அந்த 2,500-ஐயும் அடுத்த சம்பாவுக்கு உரமாக வாங்கிக் கொடுப்பதுதான் கௌரவம்.

இனி அவர் செலவு. முதலில் கேட்க வேண்டியது நகை எங்கே இருக்கிறது என்று. அடகுக்கடையில் 100-க்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் 5,000 அசலில் கட்டினால் வருஷத்துக்கு 1,200 மிச்சம். வங்கியில் 9 சதவீதம் என்றால் அதே 5,000-க்கு 450தான். அடகுக்கடைச் சீட்டை முதலில் இறக்கட்டும். வங்கி நகை என்றால் தவணைக்குள் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்தால் போதும், முழுப் பணத்தையும் அங்கே கொட்ட வேண்டாம். திருப்பி வைக்கும்போது எல்லா நகையையும் ஒரே கணக்கில் வைக்காமல் இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே பொட்டலமாக இருந்தால் கடன் முழுவதும் அடையும்வரை ஒரு மோதிரம்கூடக் கைக்கு வராது.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால் அதன் தேதி இதைவிட முக்கியம். தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை, தவறினால் வட்டி ஏறும், அடுத்த கடனும் தாமதமாகும்.

மிச்சத்தில் நான் மண்ணுக்குச் செலவழிப்பேன். நம்ம பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் தண்ணீரைப் பிடிப்பதில்லை. கண்மாய் வற்றியிருக்கும் இந்தக் கோடைதான் வண்டல் அடிக்க நேரம். விவசாயத்துக்கு வண்டல் இலவசம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் வரை எடுக்கலாம். டிராக்டர் டிப்பரில் நடைக்கு 3 கன மீட்டர் என்றால் 25 நடை. அள்ளுகூலியும் டிராக்டர் வாடகையும் மட்டும் நம் செலவு. எல்லா நிலத்துக்கும் மெல்லிசாகப் பரப்பினால் பலன் தெரியாது. மேட்டுப்பகுதியில் அரை ஏக்கருக்கு 12 நடை அடித்து, அடுத்த கோடையில் அடுத்த அரை ஏக்கர் என்று போங்கள்.

கெட்டுப்போவது எங்கே என்றால், கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் மண்டிய இடத்தில் அள்ளுவதில். நெற்று மண்ணோடு வந்து வயலில் முளைக்கும். மடைப் பக்கத்துப் பள்ளத்தில் படிந்த கறுப்பு வண்டலின் மேல்மண்ணை எடுங்கள், ஆனால் கரைக்கும் மடைக்கும் அடியில் தோண்டக் கூடாது. மேலே வெள்ளை பூத்திருந்தால் உப்பு மண், வேண்டாம். சந்தேகமிருந்தால் அள்ளுவதற்கு முன்பே மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். பரப்பிய கட்டிகள் வெயிலில் வெடித்து உதிர வேண்டும், கோடை மழைக்குப் பிறகு உழுதால் கலந்துவிடும்.

கேட்டவர்

வண்டல் அள்ள அனுமதி வேண்டுமல்லவா, அதை யார் பேரில் வாங்குவது? இன்னொன்று, அவர் கணக்கில் பணம் விழுந்தால் வங்கி கடனுக்குப் பிடித்துக்கொள்ளுமோ என்று பயப்படுகிறார்.

பதில் 1 மறுபடியும்

வண்டல் அனுமதி தாசில்தார் கொடுப்பது. 2024-க்கு முன் கலெக்டர் ஆபீஸ் வரை போக வேண்டியிருந்தது. நிலத்தின் சிட்டா, அடங்கலோடு இசேவை மூலம் விண்ணப்பம் போகும். இந்த இடத்தில்தான் நீங்கள் உதவ வேண்டும், பட்டா அப்பச்சி பேரில் இருக்கிறதல்லவா. ஆணை கையில் வராமல் ஒரு நடைகூட அள்ள வேண்டாம், வண்டியைப் பிடித்துவிடுவார்கள்.

பணத்தைக் கடன் இல்லாத வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். மகளிர் குழுக் கடன், மைக்ரோ பைனான்ஸ் தவணை தானாகப் பிடிக்கும் கணக்காகவும் இருக்கக் கூடாது. அரசிடமிருந்து நேராக வரும் பணம் வேறு. அது ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும், எந்த வங்கி என்று *99*99*1# அழுத்திப் பார்க்கலாம். நிவாரணத்தைக் கடனுக்குப் பிடித்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் உதவி எண் 14448-இல் புகாருக்கு வழி கேளுங்கள்.

பதில் 3 | தேவகோட்டை, பயிர்க் காப்பீட்டு வேலை பார்ப்பவர்

நிவாரணம் வந்ததால் காப்பீடு கிடைக்காது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு. ஆனால் நெல்லுக்கு வருவாய்க் கிராம அளவில் அறுவடைச் சோதனை வைத்துக் கணக்கிடுகிறார்கள், பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதை நம்பி வண்டல் வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்த சம்பாவுக்குக் காப்பீட்டை வயல் பார்க்கிறவர் பேரில் போடுங்கள். வாரதாரரும் குத்தகைதாரரும் சேரலாம். ரபி பருவ நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. கடைசி வாரத்தில் இணையம் திணறும், ஐப்பசி பிறந்ததும் போட்டுவிடுங்கள். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் மழையில் நனைந்தால் அதற்கும் உண்டு, ஆனால் 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-க்குச் சொல்லியாக வேண்டும். உங்கள் நெல்லைப் போல் நிற்கும்போதே சாய்ந்தது இந்த வகையில் வராது.

அடங்கலில் அவர் பெயரைச் சாகுபடிதாரராக எழுத வெளியூர் நிலக்காரர்கள் தயங்குகிறார்கள். 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற பயம். அந்தச் சட்டம் உண்மையிலேயே அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வக்கீலிடம் காட்டி, வாரப் பங்கு, யார் எந்தச் செலவு, நிவாரணம் வந்தால் யாருக்கு என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விதைப்புக்கு முன், ஆவணிக்குள் முடித்தால் கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதும்போது அதைக் காட்டலாம்.