ஸ்பானிஷில் சட்டம் படிக்கப் போனவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

கானாடுகாத்தான் பொண்ணு

ஸ்பெயினில் சலமான்காவில் ஒரு செமஸ்டர், பரிமாற்றத் திட்டத்தில். விசா, டெலே என்ற ஸ்பானிஷ் மொழிப் பரீட்சை, 1218-ல் தொடங்கின பல்கலைக்கழகம், பொன் நிறக் கல் கட்டடங்கள் எல்லாம் இங்கே பலருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். வாரிசுரிமை வகுப்பில் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

பேராசிரியை பலகையில் ஒரு சதுரம் போட்டு மூன்றாகக் கோடு கிழித்தார். பெற்றவர் இறந்துபோனால் சொத்தில் ஒரு பங்கு பிள்ளைகள் எல்லாருக்கும் சமம். இரண்டாவது பங்கும் பிள்ளை, பேரன், பேத்திக்குத்தான், ஆனால் அவர்களுக்குள் யாருக்குக் கூடக் கொடுப்பது என்பது உயில் எழுதுகிறவர் விருப்பம். மூன்றாவது பங்கை மட்டும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். 1889-ஆம் வருஷத்து சிவில் சட்டத் தொகுப்பு. சட்டத்தில் சொன்ன காரணம் இல்லாமல் ஒரு பிள்ளையை ஒதுக்கிவைக்க முடியாது.

உங்கள் நாட்டில் எப்படி என்று என்னைக் கேட்டார். சுயார்ஜிதச் சொத்தை, அதாவது தானே சம்பாதித்ததை, யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம் என்றேன். முழுவதையுமா? முழுவதையும்தான்.

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் வீட்டுப் படங்களைக் காட்டியிருந்தேன். முகப்பு, வளவு (நடு முற்றம்), ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஒரு படத்தில் வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு என் அயித்தை, அப்பாவின் உடன்பிறந்தவர், நிற்பார்கள். அவள் என் போனை வாங்கி அந்தப் படத்தைத் தேடி எடுத்து, அயித்தை முகத்தின் மேல் விரலை வைத்து, "இவங்களுக்கு எவ்வளவு?" என்றாள்.

வீடு ஐயா, அப்பாவைப் பெற்றவர், மலேயாவில் கடை வைத்துச் சம்பாதித்து வாங்கினது. உயில்படி அப்பச்சிக்கும் (என் அப்பா) சித்தப்பாவுக்கும். அயித்தைக்கு வைரம், வெள்ளி, சாமான் எல்லாம் வைத்துக் கல்யாணம் செய்தாச்சு. நம் பக்கம் யாரைக் கேட்டாலும் இதுதான் பதில், யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். எனக்கு ஸ்பானிஷ் வராமல் இல்லை, ஆனால் அந்தப் பதிலை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.

கல்லல் கண்மாய்க்கரை

நான் இருந்தது வலென்சியா. வியாழக்கிழமை பகல் 12 மணிக்குக் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போங்கள். கறுப்பு அங்கி போட்ட விவசாயிகள் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் தண்ணீர் நீதிமன்றம். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களில் ஒவ்வொன்றுக்கும் ஒருவர், பாசனக்காரர்களே தேர்ந்தெடுத்தவர்கள். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பல வாரம் வழக்கே இருக்காது. ஏவலாள் குவார்ட், தோர்மோஸ், மிஸ்லாத்தா என்று ஒவ்வொரு வாய்க்காலாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், யாரும் வராவிட்டால் கலைந்துவிடுவார்கள். சுற்றுலாக்காரர்களும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் போன அன்றைக்கு ஒருவர் வந்து நின்றார். முறை தாண்டித் தண்ணீர் பாய்ச்சி அடுத்த வயலை மூழ்கடித்தார் என்று புகார். வக்கீல் கிடையாது, தாள் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு, அதுவும் வலென்சிய மொழியில். கூட வந்த நண்பன் காதோடு ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே வந்தான். புகார் வந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் சேரமாட்டார். மற்றவர்கள் தலையைச் சேர்த்துப் பேசினார்கள், குற்றம் என்றார்கள், நஷ்டத்தைக் கட்டச் சொன்னார்கள், மேல்முறையீடு இல்லை. அந்த மனுஷர் தொப்பியைக் கையில் வைத்து ஒரு தரம் கசக்கினார், தலையை ஆட்டினார், போய்விட்டார். நான் வாசலில் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கண்மாய் மடைத் தகராறு நான் பள்ளிக்கூடம் போகும்போது கோர்ட்டுக்குப் போனது. வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. வழக்குப் போட்ட பெரியவர் இறந்துவிட்டார், மகன் வாரிசாகச் சேர்ந்திருக்கிறார். அந்தத் தொப்பிக்காரரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

தேவகோட்டை வக்கீல்

கானாடுகாத்தான் தங்கச்சி எழுதினது அரைகுறை. வெளிநாட்டு வகுப்பில் நம் சட்டத்தை இப்படிச் சொன்னால் அவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், நாடு முழுவதும் 9.9.2005 முதல். 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது, 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பூர்வீகத்தில் தகப்பனார் தன் பங்கை மட்டும்தான் உயில் எழுத முடியும். முதலில் அது சுயார்ஜிதமா பூர்வீகமா என்று பத்திரத்தைப் பாருங்கள். மலேயாக் கடைக்கு முதல் போட்டது யார்? உங்கள் ஐயாவின் அப்பச்சி பணமா? அப்படி இருந்தால் வழக்கே வேறு. 20.12.2004-க்கு முன்னால் பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் தீர்ப்பு மூலமாகவோ பாகப்பிரிவினை ஆகியிருந்தால் மட்டும் அதைத் திறக்க முடியாது. மூலப்பத்திரம், உயில், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு நல்ல சிவில் வக்கீலைப் பாருங்கள்.

கானாடுகாத்தான் பொண்ணு

அண்ணே, இதெல்லாம் நானும் படித்தேன். 1989 சட்டத்தில் அதற்கு முன்னால் கல்யாணம் ஆன மகள்களை விட்டுவிட்டார்கள் என்பதையும் படித்தேன். ஐயா தனியாகச் சம்பாதித்தது, எல்லாருக்கும் தெரியும். வழக்குப் போட வழி கேட்டு நான் எழுதவில்லை. சட்டப்படி சரியாக நடந்த ஒன்றை அந்தப் பெண் ஒரே கேள்வியில் என் முன்னால் வைத்துவிட்டாள். அதைத்தான் எழுதினேன்.

செக்காலை

நான் செவில்யா. அரசியல் சட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு. அங்கே 1978 அரசியல் சட்டப்படி அடிப்படை உரிமைக்காக அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போகும் மனுவுக்கு அம்பாரோ என்று பெயர், ஆனால் பொதுவாக மற்ற நீதிமன்றங்களை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். எங்கள் நாட்டில் 32-ஆவது பிரிவில் நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம், இந்தப் பிரிவுதான் அரசியல் சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் சொன்னார் என்றேன். பேராசிரியர் கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, அம்பேத்கர் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லித் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இனி போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். ஸ்பானிஷ் மொழித் தேர்ச்சியில் பி1 என்ற நடுத்தர நிலையை மட்டும் வைத்துக்கொண்டு சட்ட வகுப்பில் உட்காராதீர்கள். அதற்கு அடுத்த நிலையான பி2 இருந்தாலும் முதல் மாதம் பாதிதான் காதில் ஏறும். ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பாடப் புள்ளி) கணக்கு, அதை நம் கல்லூரி எந்தத் தாளுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் என்பதைக் கிளம்பும் முன்னாலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். "வந்து பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னதை நம்பிப் போய், திரும்பி வந்து அதே தாளை மறுபடி எழுதினவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை எடுப்பதில் நமக்கு லாபம் இல்லை, இங்கே பார் கவுன்சில் கேட்கிற தாளுக்கு அது ஈடாகாது. ரோமானியச் சட்டம், ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், தனியார் சர்வதேசச் சட்டம், ஒப்பியல் சட்டம், இப்படி எடுங்கள். மதிப்பெண் பத்துக்கு, 5 வந்தால் பாஸ். நம் ஊர்க் கணக்கில் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே 7 என்பது நல்ல மதிப்பெண்.

சான்றிதழ்களுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி போடும் அப்போஸ்டில் முத்திரை, அப்புறம் ஸ்பானிஷில் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் கையெழுத்து. ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் கூடச் சேரும், போய் இறங்கின ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பணம் காட்டுவது ஐப்ரெம் என்ற ஸ்பெயின் அரசின் வருமான அளவுகோலை வைத்து. நான் போனபோது மாதம் 600 யூரோ, நீங்கள் போகும்போது எவ்வளவு என்று தூதரகப் பக்கத்தில் பாருங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனம், அவர்கள் ஊர்த் தோர்த்தியாவில் முட்டை இருக்கும், காய்கறி என்று சொல்லிக் கொண்டுவரும் தட்டிலும் பன்றிக் கறித் துண்டு கிடக்கும். மத்தியானச் சாப்பாடு இரண்டரை மணிக்கு, ராத்திரி ஒன்பதரைக்கு. வீட்டிலிருந்து பருப்புப்பொடியும் வற்றலும் எடுத்துப்போங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

நான் படிக்கப் போகவில்லை, என் மகள் வாயாதோலித்தில் படிக்கிறாள். எழுதலாமா என்று யோசித்தேன், கானாடுகாத்தான் பிள்ளை எழுதினதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா, வயதானவர், ஊரில் இருக்கும் பழைய வீட்டை விற்க நோட்டரி அலுவலகம் போனபோது துணைக்கு இவளையும் கூட்டிப்போனார். அங்கே நோட்டரி என்றால் நம் ஊர் மாதிரி முத்திரை குத்துகிறவர் இல்லையாம். கடுமையான போட்டித் தேர்வு எழுதி வருகிற அரசு அதிகாரியாம். பத்திரத்தை அவரே எடுத்து முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தாராம். ஓர் இடத்தில் அந்த அம்மா கையைத் தூக்கி, "கிணறும் இதில் சேர்ந்ததா?" என்று கேட்டிருக்கிறார். நோட்டரி நிறுத்தி, பக்கத்தைத் திருப்பி, எல்லையைக் காட்டி விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படித்திருக்கிறார். வாங்க வந்தவர்களும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

மகள் இதைப் போனில் சொல்லச் சொல்ல எனக்கு நாங்கள் அக்கா தங்கைகள் சேர்ந்து பிறந்த வீட்டுச் சொத்தில் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. பதிவு அலுவலகத்தில் கூட்டம். பத்திரம் எழுதுகிறவர் தாளை மடித்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார். "இங்கே ஆச்சி, இங்கே, அப்புறம் இங்கே." மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துக் காட்டவில்லை. அண்ணன்மார் வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். சாயங்காலம் வீட்டில் பலகாரம் செய்து எல்லாருக்கும் கொடுத்தோம். கொடுத்ததற்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை, பிறந்த வீடு நன்றாக இருக்கட்டும். ஆனால் என்ன கொடுக்கிறேன் என்று ஒருவர் எனக்குப் படித்துக் காட்டியிருக்கலாம்.

தேவகோட்டை வக்கீல்

ஆச்சி, 1908 பதிவுச் சட்டத்தில் பதிவாளர், எழுதிக்கொடுத்தவர் நீங்கள்தானா, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டுத்தான் பதிய வேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத, வெளியுலகம் தெரியாத பெண்ணிடம் வாங்கின பத்திரம் என்றால், படித்துக் காட்டிப் புரியவைத்தோம் என்று நிரூபிக்கிற பொறுப்பு எழுதி வாங்கினவர் மேல் விழும். நீதிமன்றங்கள் வெகுகாலமாகச் சொல்லிவருவதுதான். நம் சட்டத்திலும் பாதுகாப்பு இருக்கிறது.

பள்ளத்தூர் ஆச்சி

எனக்கு எழுதப்படிக்கத் தெரியும் தம்பி. பதிவாளர் கேட்டார், நானும் ஆமாம் என்றேன். நீங்கள் சொல்லும் பாதுகாப்பு வழக்கு வந்த பிறகு வருவது. அந்த ஸ்பானிஷ் அம்மாவுக்குக் கையெழுத்துக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. என் மகள் திரும்பி வந்து இங்கேதான் தொழில் பார்க்கப்போகிறாள். தன்னிடம் வரும் பெண்களுக்குப் பத்திரத்தை முழுக்கப் படித்துக் காட்டாமல் பேனா கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

கொத்தமங்கலம்

கல்லல் தம்பிக்கு ஒன்று. வலென்சியாவில் ஓடுகிற ஆறு. நம் பக்கம் மழை பெய்தால் கண்மாய், இல்லாவிட்டால் கருவேலங்காடு. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு (உபரிநீர் வழி) பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். இந்தத் தகராறை வட்டமாக உட்கார்ந்து தீர்க்க முடியுமா? பெரிய தலைக்கட்டு சொன்னதுதான் தீர்ப்பாக இருக்கும். கோர்ட் தாமதமானாலும் ஏழைக்கும் அங்கே ஒரு கட்சிக்காரன் என்ற மரியாதை உண்டு.

கல்லல் கண்மாய்க்கரை

பெரிய தலைக்கட்டு விஷயம் நியாயம்தான் அண்ணே, நானும் அதைத்தான் கவனித்தேன். அங்கே தீர்ப்புச் சொல்கிறவர்கள் பரம்பரையாக வந்தவர்கள் இல்லை, பாசனக்காரர்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர்கள், அவர்களே நிலத்தில் இறங்கி வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும். ஆற்றின் வலக்கரை வழக்கு என்றால் இடக்கரை ஆட்கள்தான் தீர்ப்பை முன்மொழிவார்கள், சொந்தக்காரன் பக்கம் சாயக் கூடாது என்பதற்காக. அப்படிப் பார்த்தால் மேல் கண்மாய்த் தகராறை வேறு வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) ஆட்களிடம் விடலாம் இல்லையா? நமக்கும் 2000-ஆம் வருஷத்துப் பாசன மேலாண்மைச் சட்டம் இருக்கிறது, சங்கம் வைக்கலாம், தேர்தல் நடத்தலாம். எங்கள் ஊரில் அந்தச் சங்கம் என்ன ஆனது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கம் நடக்கிறதா? கூட்டம் போட்டால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.