மறுமொழி: கேப் ஜங்ஷனுக்கு 'இணைவாய்', அதைச் சுத்தி நிக்கிறதுக்கு 'சுற்றம்'

எல்லாருக்கும் வணக்கம். பக்கத்துப் பக்கத்துச் செல்களை இணைக்கிற 'கேப் ஜங்ஷன்'ங்கற அமைப்புக்கு இப்ப இருக்கற 'இடைவெளிச் சந்தி'ங்கற கலைச்சொல்லுக்குப் பதிலா 'இணைவாய்'னு வைக்கலாம்ங்கறது பத்தி வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'இடைவெளிச் சந்தி' ஏற்கெனவே புழக்கத்துல இருக்கே, ஏன் மாத்தணும்?

ஐயா, புழக்கத்துல இருக்கறது வாஸ்தவம்தான், ஆனா முதமுதல்ல அந்தச் சொல்லைப் படிக்கிற பிள்ளைக்கு ரெண்டு செல்லுக்கு நடுவுல ஏதோ காலி இடம் இருக்குன்னுதான் தோணும், நடக்கறதோ நேரெதிர். ஒரு செல்லோட சவ்வுல ஆறு கன்னெக்சின் புரதம் வட்டமா கூடி நிக்குது, பக்கத்துச் செல்லும் அதே மாதிரி ஆறை நிறுத்துது, ரெண்டும் நேருக்கு நேர் பொருந்தினா பன்னிரண்டு புரதத்துல ஒரு முழு வாய்க்கால், அது வழியா அயனி, ஏடிபி, சைக்ளிக் ஏஎம்பி மாதிரி சின்னச் சின்ன மூலக்கூறெல்லாம் வெளியில எட்டிப் பாக்காமலே இந்தச் செல்லுலேர்ந்து அந்தச் செல்லுக்குப் போயிடுது. 'கேப்'ங்கற பேரு 1967ல ரெவல், கார்னோவ்ஸ்கிங்கற ரெண்டு ஆய்வாளர்கள் லாந்தனம்ங்கற உலோகத்தைச் செல்களுக்கு நடுவுல ஏத்தி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்ததுலேர்ந்து வந்தது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்குன்னு நினைச்ச ரெண்டு சவ்வுக்கும் நடுவுல சில நானோமீட்டர் சந்து தெரிஞ்சது. அவங்களுக்குத் தெரிஞ்சது சந்து, வேலை செய்யறது அந்தச் சந்தைத் தாண்டி நிக்கிற வாய்க்கால். அதனாலதான் 'இணைவாய்'. வாய்க்கால், கால்வாய் ரெண்டுலயும் இருக்கற 'வாய்'தான் இதுலயும் இருக்கு, படிச்சதும் பிடிபடும்.

ஆனா நான் இவ்வளவு தூரம் எழுத வந்தது அடுத்த சொல்லுக்காக. பெரிநெக்சஸ். இணைவாய்கள் கூட்டமா சேர்ந்து திட்டுத் திட்டா இருக்கும் இல்லையா, அந்தத் திட்டோட விளிம்பைச் சுத்தி ஒரு வளையம் இருக்கு. இதயத் தசைல அந்த வளையத்துல இன்னும் எதிர்ச் செல்லோட ஜோடி சேராத கன்னெக்சின்-43 (கன்னெக்சின்ல ஒரு வகை) கூட்டம் இசட்ஓ-1ங்கற புரதத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அங்கேயே என்ஏவி 1.5ங்கற சோடியம் வாய்க்காலும் வந்து குவியுது. ஒவ்வொரு துடிப்புலயும் இதயத் தசைச் செல்லுக்கு முதல் மின் உந்தலைக் கொடுக்கறது இந்த சோடியம் வாய்க்கால்தான், அது போய் எங்க நிக்குது பாருங்க.

இது தற்செயல் இல்லங்கறதுக்கு ஒரு எலிப் பரிசோதனை இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. கன்னெக்சின்-43ல மொத்தம் 382 அமினோ அமிலம், அதுல வால்ல இருக்கற கடைசி அஞ்சை மட்டும் எடுத்துட்டாங்க (இசட்ஓ-1 வந்து பிடிக்கிற இடம் அது). செல்லுக்குச் செல் கடத்தல் குறையல, இணைவாய் பாட்டுக்கு வேலை செய்யுது, ஆனா சோடியம் மின்னோட்டம் இறங்கிப்போச்சு, எலிகள் இதயத் துடிப்பு தாறுமாறாகி செத்துப்போச்சு. அப்போ கன்னெக்சின் வெறும் குழாய் இல்ல, பக்கத்துல நிக்கிற வேற வாய்க்கால்களுக்கும் அது பொறுப்பு. நம்ம கலைச்சொல் குழாயை மட்டும் சொல்லிட்டு இதை விட்டுடக் கூடாது.

இதயம் மட்டும் இல்ல. கண் லென்ஸுல ரத்தக் குழாயே கிடையாது, உள்ள இருக்கற செல் பிழைக்கறதே இணைவாயை நம்பித்தான், அங்க தண்ணி வாய்க்காலான அக்வாபோரின்-0 கன்னெக்சின்-50ஐப் பிடிச்சு அதோட கடத்தலைக் கூட்டி விடுது. அதனால பெரிநெக்சஸுக்கு 'இணைவாய்ச் சுற்றம்'னு வைக்கலாம்ங்கறது என் முன்மொழிவு.

———

> சுற்றம்னா உறவுக்காரங்கன்னுதானே எடுத்துப்பாங்க? 'சூழிடம்'னு வெச்சா குழப்பம் வராதே அண்ணா.

தம்பி, நியாயமான கேள்வி. 'சூழிடம்' இடத்தை மட்டும் சொல்லுது. இங்க இடம் நிலையாவே இல்ல, இசட்ஓ-1 பிடி விட்டுச்சுன்னா வளையத்துல நின்ன கன்னெக்சின் எல்லாம் திட்டுக்குள்ள போய்ச் சேந்துடுது, திட்டு பெருசாகுது, வளையம் இளைச்சுடுது. யார் யாரோட நிக்கறாங்கங்கறதை வெச்சுத்தான் அந்த எல்லையே. சுத்தி நிக்கறது, உறவா நிக்கறது ரெண்டையும் 'சுற்றம்' ஒரே மூச்சுல சொல்லிடுது, தமிழ்ல கைல இருக்கற சொல்லை விட்டுட்டு புதுசா ஒண்ணு செய்யணுமான்னு யோசிங்க. பாடப் புத்தகத்துல 'இணைவாய்'ங்கற முன்னொட்டோடதான் வரும், அதனால உறவுக்காரங்கன்னு யாரும் மயங்க மாட்டாங்க.

பெரிநெக்சஸ்ல வர்ற 'நெக்சஸ்'ங்கறதுக்குத் தனிச் சொல் வேணுமான்னு இங்க ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. வேண்டாம். 1962ல மென்தசைல இதே அமைப்புக்கு வெச்ச பழைய பேருதான் அது, 'இணைவாய்'லயே அடங்கிடும்.

ஹெமிசேனலுக்கு (ஒரு செல் பக்கம் மட்டும் நிக்கிற ஆறு கன்னெக்சின் பாதி வாய்க்கால்) 'அரைவாய்' எனக்குச் சம்மதம், ஆனா ஒரு நிபந்தனை. பானெக்சின்ங்கற வேற புரத வகைக்கு அதைப் போடாதீங்க. பானெக்சின்-1 ஏழு புரதம் கூடின வாய்க்கால், எதிர்ச் செல்லுல ஜோடி தேடாம தனியா நின்னே ஏடிபியை வெளிய விடுது. அது எதோட பாதியும் இல்ல. கலைச்சொல் பட்டியல்ல அதை 'பானெக்சின் வாய்க்கால்'னே போட்டுடுங்க.