செய்தித் தமிழா, டைம்லைன் தமிழா: நம் சொற்களைச் சுருக்கியது எது?

அன்பழகன்:
ஒரு பாட்டு, ஒரு சிக்ஸர், ஒரு குழந்தையின் சிரிப்பு, மூன்றுக்கும் இப்போது சமூக ஊடக டைம்லைனில் "வேற லெவல்" தான். எது, ஏன் பிடித்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை. 1942-ல் தொடங்கிய தினத்தந்தி சின்னச் சின்ன வாக்கியங்களால் எழுத்துக் கூட்டிப் படித்தவர்களையும் வாசகர்களாக்கியது. தலையங்கம் படித்து வளர்ந்தவர்களிடம் "ஆனாலும்", "அதேவேளை" என்று ஒரு கருத்தை நிறுத்தி மறுபக்கம் பார்க்கும் பழக்கம் இருந்தது. அது போவதுதான் எனக்குப் பயம்.

கயல்விழி:
தலையங்கம் எத்தனை பேர் படித்தார்கள் சார்? பெரும்பாலானோர் படித்தது செய்தி. விபத்தோ, திருட்டோ, வீட்டுக்குள் பாம்பு வந்ததோ, கடைசி வரி ஒன்றுதான்: "இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது." ஒரு சாதாரணக் கடிதத்தில்கூட "செய்தேன்" என்று எழுதக் கூசி "மேற்கொள்ளப்பட்டது" என்று எழுதுகிறோமே, அதில் செய்தித் தமிழுக்குப் பங்கில்லையா?

பள்ளிக்கூடத்தோடு தமிழில் எழுதுவதையே விட்டவர்கள் இன்று தினமும் எழுதுகிறார்கள். என் அத்தை எட்டாவதோடு நின்றவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "மழ ஓஞ்சிருச்சு, காத்துல ஈரம் மட்டும் நிக்குது" என்று எழுதினார். எந்தச் செய்தியில் இந்த வரிக்கு இடம் இருக்கிறது?

அன்பழகன்:
அழகான வரி. ஆனால் அது வாட்ஸ்அப் கொடுத்ததல்ல, அவர் பேச்சில் ஏற்கெனவே இருந்தது. அதற்குக் குழுவில் என்ன பதில் வந்தது?

கயல்விழி:
நிறைய இதயம். ஒரு "சூப்பர்". அதை மறுக்கவில்லை. ஆனால் எழுத இடம் கிடைத்ததால்தான் அந்த வரி வெளியே வந்தது.

ரியாஸ்:
ரெண்டு பேரும் இயந்திரத்தை மறந்துட்டீங்க. 2006-ல் வந்த ட்விட்டரில் ஒரு பதிவுக்கு 140 குறிகள்தான். கணினிக்குப் புள்ளி தனி, கொம்பு தனி. "தமிழ்" நமக்கு மூன்றெழுத்து, அங்கே ஐந்து. அதனால் நம்ம ஆட்கள் இன்னும் சுருக்கி எழுத வேண்டியிருந்தது. 2017-ல் 280 ஆச்சு. அந்த நெருக்கடியில் கூர்மையாக எழுதக் கற்றவர்களும் இருக்காங்க, அதனால் நீளம் எனக்குப் பிரச்சினை இல்லை.

பிரச்சினை, எது பரவுது என்பது. ஒருவர் ஒரு கருத்தை மறுத்திருப்பார், இன்னொருவர் தகவல் பிழையைத் திருத்தியிருப்பார், வேறொருவர் வெறும் சந்தேகம்தான் கேட்டிருப்பார். மூன்றும் டைம்லைனில் "கதறவிட்டார்" ஆகிடும். நிதானமா எழுதினது அப்படியே கிடக்கும். அன்பழகன் அண்ணா, நீங்க பாராட்டுற செய்தி உலகமும் இணையத்துக்கு வந்ததும் "வெளுத்து வாங்கிய", "அதிர்ச்சியில் ரசிகர்கள்" என்றுதான் தலைப்பு வைக்குது. இந்த ரெண்டுக்கும் நடுவே இருந்த சுவர் எப்பவோ போச்சு.

அன்பழகன்:
அந்தத் தலைப்புகளை நானும் ஏற்கவில்லை தம்பி. நீங்கள் சொன்ன உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. "மறுத்தார்" என்று எழுதினால் எதை மறுத்தார் என்று அடுத்த வரியில் சொல்லியாக வேண்டும். "கதறவிட்டார்" என்றால் சொல்லவே வேண்டாம்.

கயல்விழி:
"கூறப்படுகிறது" என்று எழுதினாலும் யார் கூறினார் என்று சொல்லவே வேண்டாம். அந்த வசதியை நமக்கு முதலில் பழக்கியது செய்திதான் சார்.