பிஸ்க்கை முதலிலேயே செலவழிப்பதா, கடைசிவரை வைத்திருப்பதா?

நீலப்பந்து:
நேற்று குரோக்கே ஆட்டத்தில் (மரச்சுத்தியலால் பந்தை அடித்து வளையங்கள் வழியாகக் கொண்டுபோவது) என் ஹேண்டிகேப் (திறன் குறையக் குறைய கூடும் எண்) 14, எதிராளிக்கு 3.5. வித்தியாசப்படி எனக்குக் கிடைத்தது 10 பிஸ்க்கும் ஒரு அரை பிஸ்க்கும். அதாவது என் முறை முடிந்த கையோடு மறுபடி ஆடிக்கொள்ள அத்தனை கூடுதல் முறைகள். எதிராளி கம்பத்தில் அடித்து ஆட்டத்தை முடித்தபோது பிஸ்க்குக்கு ஒன்றாக நட்ட என் வெள்ளைக்குச்சிகளில் 4 இன்னும் தரையில் நின்றன. எங்கே தவறினேன்?

கடைசிவளையம்:
குச்சி மிஞ்சியதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். குச்சி நிற்கும்வரை எதிராளி தைரியமாகத் தூரத்திலிருந்து அடிக்க மாட்டார், தவறினால் அந்தப் பந்து உங்களுக்குத்தான் உதவும் என்று அவருக்குத் தெரியும். எல்லாக் குச்சியும் போய்விட்டால் 3.5 ஆட்டக்காரர் ஒரே முறையில் 12 வளையமும் போகக்கூடியவர். அந்தப் பயத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுங்கள்.

நாலுபந்து:
இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பயம் காட்டினால் வளையம் ஏறாது. ஜெயிக்க இரண்டு பந்துக்கும் சேர்த்து 26 புள்ளி (பந்துக்கு 12 வளையம், ஒரு கம்பம்) வேண்டும், பிஸ்க்குக்கு ஒரு வளையம் என்று போனால் பத்தும் தீர்ந்தபிறகும் 16 பாக்கி. முதல் ஒன்றிரண்டை வளையம் போகச் செலவழிக்காதீர்கள், பந்துகளை அடுக்கச் செலவழியுங்கள். ஒரு பந்தைத் தொட்டதும் குரோக்கே அடியில் (உங்கள் பந்தை அதோடு ஒட்டிவைத்து அடிப்பது) அதை 2ஆம் வளையத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருக்கும் கடைசி அடியில் நடக்காத வளையத்தைக் குறிவைக்காமல் உங்கள் பந்தை இன்னொரு பந்தின் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். அப்புறம் அரை பிஸ்க்கை எடுங்கள். அதில் புள்ளி எடுக்க முடியாது, ஆனால் எல்லாப் பந்தையும் புதிதாகத் தொடலாம், அடுக்குவதற்கு அதைவிட என்ன வேண்டும்? ஒன்று 1ஆம் வளையத்தில், ஒன்று 2இல், ஒன்று நடுவில் கம்பத்துக்குப் பக்கத்தில் என்று நின்றுவிட்டால் அடுத்த பிஸ்க்கில் நாலு பந்து பிரேக் (நாலு பந்தையும் பயன்படுத்தி ஒரே முறையில் வளையம் வளையமாகப் போவது) தொடங்கிவிடும், அதன்பின் ஒவ்வொரு அடியும் குட்டி அடிதான்.

கடைசிவளையம்:
கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 14 ஹேண்டிகேப்காரருக்கு அந்த நீளமான குரோக்கே அடி சரியாக விழுமா? இரண்டு பிஸ்க் போய், ஒரு புள்ளியும் இல்லாமல், பந்துகளை அழகாக அடுக்கி எதிராளிக்கே கொடுத்துவிட்டு வெளியே நிற்பார். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாலுபந்து:
பார்த்திருப்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வெளியே போய் நிற்பதுதான் தவறு. பந்துகள் மூன்றும் இடத்தில் இருக்கும்போது வளையத்தில் பந்து சிக்கிக்கொண்டால் யோசிக்காமல் இன்னொரு குச்சியைப் பிடுங்க வேண்டும். ஏற்கெனவே அடுக்கியது அப்படியே இருக்கிறது, ஒரு பிஸ்க்குக்கு நாலைந்து வளையம் கிடைக்கும். அந்த இடத்தில் சேமிக்கப் பார்த்தால் அதுவரை செலவழித்ததும் வீண்.

நீலப்பந்து:
அய்யோ, அதுதான் நடந்தது! 3ஆம் வளையத்தில் பந்து சிக்கியது. 4ஆம் வளையத்தில் ஒரு பந்து, நடுவில் ஒன்று, பக்கத்திலேயே ஒன்று, எல்லாம் தயாராக இருந்தன. ஒரு வளையத்துக்காக ஒரு பிஸ்க்கா என்று விட்டுவிட்டேன். எதிராளி என் பந்துகளை வைத்தே 9 வளையம் போனார்.

கடைசிவளையம்:
சரி, அங்கே எடுத்திருக்கத்தான் வேண்டும், நானும் எடுத்திருப்பேன். ஆனாலும் முடிவுக்கு ஒன்றாவது இல்லாமல் ஆடச் சொல்லாதீர்கள். கடைசி வளையத்துக்கு முன்னால் கை நடுங்கும்போது தரையில் ஒரு குச்சி நிற்பது வேறு விஷயம்.

நாலுபந்து:
ஒன்று, சம்மதம். நாலுக்கு மாட்டேன்.